குறுக்குக்கோடு போட்ட ஏழு

வீட்டில் பதினைந்தாயிரம் கோழிகளை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பறவை பார்க்க ஏரிக்குக் கிளம்பும் ஆள் நாமக்கல் பக்கத்தில் எனக்குத் தெரிந்து என் அத்தை ஒருவர்தான். அத்தை என்றால் அம்மாவின் தம்பி மனைவி. மாமா ரிக் வண்டியோடு ஆந்திராவிலும் ஒடிசாவிலும் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். வருடத்தில் பாதி நாள் அவர் எங்களுக்கு வெறும் போன் குரல்தான். பண்ணையை நடத்தியது அத்தை. "ஊட்டுல இத்தன கோழி கெடக்குது, அதப் பாத்தாப் பத்தாதாமா" என்று ஊரில் சொல்வார்கள். அது அத்தையின் காதில் விழும். விழாதவர் போலக் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு மொபெட்டை உதைப்பார்.

அவர் பறவை பார்க்கப் போனதே ஒரு சண்டையில் தொடங்கியது. பண்ணைக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரையில் ஒருநாள் ஏழெட்டுப் பேர் முக்காலியும் கேமராவுமாக நின்றிருக்கிறார்கள். நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்து, யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று விரட்டத்தான் அத்தை போனார். அவர்கள் சேலத்துப் பறவைச் சங்கத்துக்காரர்கள். ஒரு ஆசிரியர், ஒரு வங்கிக்காரர், சில கல்லூரிப் பிள்ளைகள். தபால் வேலையில் ஓய்வுபெற்று அஸ்தம்பட்டியில் இருந்த ஒரு பெரியவர் அவர்களுக்குச் செயலாளர். அவர் பைனாகுலரை அத்தையிடம் நீட்டினாராம். அத்தை அதைத் திருப்பிக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம்.

சங்கத்தின் வேலை வெளியே இருந்து பார்த்தால் ஒரு வேலையாகவே தெரியாது. சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் ஒருவர் பொறுப்பு. ஞாயிறுதோறும் போய் என்னென்ன பறவை, எத்தனை, எத்தனை கூடு என்று எண்ணி ஒரு சீட்டில் எழுத வேண்டும். கீழே பார்த்தவர் பெயர். சீட்டுகள் எல்லாம் சேலத்துக்குப் போய் ஒரு பெரிய நோட்டில் ஏறும். ஏரிகளுக்குள் இறங்க அரசு அலுவலகத்தில் இருந்து சங்கத்துக்கு ஒரு அனுமதிக் கடிதம் இருந்தது. அந்த ஒற்றைக் காகிதத்தைச் செயலாளர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப்பையில் ரேஷன் கார்டு மாதிரி வைத்திருப்பார். எங்கள் ஏரிக்குப் பொறுப்பு அத்தை. அத்தையின் சீட்டு திங்கட்கிழமை முட்டை வண்டியில் சேலம் போகும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா பார்சல் ஆபீஸில் இருந்தார். அவர் ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவார். அவசரத்தில் எழுதிய ஒன்றையும் ஏழையும் மாற்றிப் படித்தால் திருப்பூர் போகவேண்டிய மூட்டை காட்பாடி போய்விடும் என்பார். வேறு எதோடும் குழம்பிவிடக் கூடாது என்று போடுகிற கோடு அது. எனக்கு அது மிகவும் பெருமையான விஷயமாகப் பட்டது. நானும் போட்டேன். கணக்கு டீச்சர் ஒவ்வொரு கோட்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். ஒருமுறை வெளியே நிற்கவும் வைத்தார். வகுப்பில் மட்டும் கோடு போடாமல் எழுதப் பழகிக்கொண்டேன். ஆக, என்னிடம் இரண்டு ஏழு இருந்தன. பள்ளிக்கூடத்து ஏழு ஒன்று, சொந்த ஏழு ஒன்று.

காலாண்டு லீவுக்கு நான் அத்தை வீட்டுக்குப் போனபோது ஏரி காய்ந்து கிடந்தது. உள்ளே பெரிய பெரிய கருவேல மரங்கள். மழை பெய்து நீர் நிறைந்ததும் நத்தைகுத்தி நாரைகள் அந்த மரங்களில்தான் கூடு கட்டும். போன வருடத்துக் கூடுகளின் சுள்ளிகள் அப்படியே மேலே இருந்தன. எந்த மரத்தில் எத்தனை கூடு, எதில் குஞ்சு பொரிந்தது என்று வாராவாரம் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் என்றால் படம் வரைந்து வைத்துக்கொண்டு சமாளித்திருப்பார்கள். அத்தை கோழிப்பண்ணைக்காரர். பண்ணையில் கொட்டகைக்கு எண், வரிசைக்கு எண், கூண்டுக்கு எண் உண்டு. "நெம்பர் இல்லாத கூண்டுல கோழி செத்தாலுந் தெரியாது, முட்ட வெச்சாலுந் தெரியாது" என்பது அவருடைய வேதம். ஆகவே கொட்டகைக்கு அடித்து மிச்சமான வெள்ளைப் பெயிண்டையும் ஒரு பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்து, ஒரு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு, ஏரிக்குள் இறங்கிவிட்டார்.

இரண்டு நாளில் நாற்பத்தொரு மரத்துக்கு எண் போட்டேன். ஏழும் பதினேழும் இருபத்தேழும் முப்பத்தேழும் வந்தபோது நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, குறுக்குக்கோடு போட்டேன். வட்டமிட அங்கே டீச்சர் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய நோட்டு எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு வந்த செயலாளர் கரையில் இருந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். மரத்தில் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கமில்லை என்றார் மெதுவாக. மரங்கள் அரசாங்கத்துடையவை, நாம் கண்ணையும் நோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் என்றார். அத்தை சரி என்று தலையாட்டினார். ஆனால் பெயிண்ட் காய்ந்துவிட்டிருந்தது. அதன் பிறகு வந்த சீட்டுகளில் கணக்கு அத்தனை துல்லியமாக இருந்ததால் செயலாளரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அரையாண்டு லீவில் திரும்ப வந்தபோது ஏரியில் கரையோர மரங்களுக்குக் கணுக்கால் நீர், நடுவில் இடுப்பளவு நீர். மரமெல்லாம் நாரை. கரைக்கு வருமுன்பே மீன் நாற்றம் வந்து வரவேற்கும். தினமும் காலையில் போய், என் பதினேழாம் நம்பரில் ஒன்பது கூடு, உங்கள் பன்னிரண்டில் நாலுதான் என்று அத்தையிடம் அலட்டிக்கொள்வேன். எல்லா மரமும் நான் எழுதியதுதான் என்றாலும் ஏழு வருகிற மரங்கள் மட்டும் எனக்குச் சொந்தம்.

ஒரு வியாழக்கிழமை காலை, பண்ணையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது ரம்பத்தின் சத்தம் கேட்டது. அத்தை வாளியைக் கீழே வைக்கவில்லை, போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் மூன்று மரங்கள் நீரில் சாய்ந்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. என் எழுத்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. பஞ்சு முளைத்த குஞ்சுகள் சேற்றில் புரண்டன. பெரிய பறவைகள் மேலே சுற்றிச் சுற்றி வந்தன. நாரைக்குக் கத்தத் தெரியாது, அலகைத் தட்டத்தான் தெரியும். அந்தத் தட்டல் இன்றும் என்னால் கேட்கப் பொறுக்காத சத்தம்.

ராசிபுரம் பக்கத்து மரவியாபாரி ஒருவர் ஏலம் எடுத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அத்தை கேட்டதும் காகிதத்தைக் காட்டினார். அலுவலக முத்திரையோடு தெளிவாக இருந்தது: ஏரியில் எண்ணிடப்பட்ட ஒன்று முதல் நாற்பத்தொன்று வரையிலான மரங்கள். அத்தை அதை இரண்டு தடவை படித்தார்.

"இந்த நெம்பர் நானு போட்டதுங்க" என்றார்.

வியாபாரி சிரித்துவிட்டார். "ஏனுங்க அக்கா, அரசாங்க மரத்துக்கு நீங்க எதுக்குங்க நெம்பர் போடறீங்க?"

நல்ல கேள்விதான். அதற்கு அத்தையிடம் இருந்த பதிலை எந்த வியாபாரியும் நம்பமாட்டார்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. கரைக்கு வெளியே இருந்த சீமைக்கருவேலப் புதரைத்தான் ஏலம் விடச் சொல்லியிருந்தார்கள். மரங்களுக்கு எண் போட வேண்டிய அதிகாரி மழையில் ஜீப்பில் வந்திருக்கிறார். கரைமேல் நின்றபடியே பார்த்தால் உள்ளே வரிசையாக, அழகாக, வெள்ளை எண்கள். தனக்கு முன்னால் இருந்தவர் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எண்ணி, அந்தப் புண்ணியவானை மனதில் வாழ்த்தி, காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். நாங்களே எங்கள் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். கூடு உள்ள மரங்களாகப் பொறுக்கி, வெட்டுவதற்கு வசதியாக எண்ணும் போட்டுக் கொடுத்திருந்தோம்.

அத்தை நான்காம் நம்பர் மரத்துக்கும் ரம்பக்காரருக்கும் நடுவில் போய் நின்றார். அழவில்லை, சத்தம் போடவில்லை. அதிகாரி வருகிற வரைக்கும் இருங்கள், வந்து அவர் வெட்டச் சொன்னால் நான் நகர்ந்துவிடுகிறேன் என்றார். நீர் இன்னும் ஏறினால் டிராக்டர் இறங்காது என்று வியாபாரி கெஞ்சிப் பார்த்தார். அத்தை அசையவில்லை. என்னை விரட்டி, செயலாளருக்கும் அலுவலகத்துக்கும் போன் செய்யச் சொன்னார். வரும்போது தன் கூடு எண்ணும் நோட்டையும், கோழிக்குஞ்சு வரும் அட்டைப் பெட்டி நாலைந்தையும் எடுத்து வரச் சொன்னார். பெட்டிகளில் நாரைக்குஞ்சுகளைப் பொறுக்கி வைத்தேன். ரம்பக்காரர்களும் கூடக் குனிந்து பொறுக்கினார்கள். அப்போதுதான் அவர்களில் ஒருவர், அரசாங்க மரத்தில் பெயிண்ட் அடித்தால் உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள் என்று இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு ஜீப்பும் செயலாளரின் ஸ்கூட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த எண்களை எங்கள் ஆட்கள்தான் போட்டார்கள் என்றார் அதிகாரி. அவரும் வேறு என்ன சொல்வார், அவர் வேலை அவருக்கு. அத்தை தன் நோட்டைக் காட்டினார். ஏலக் காகிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே மரம் மரமாகக் கூட்டுக் கணக்கு இருந்தது. நோட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் அதிகாரி. அப்படியானால் மரத்தில் உள்ள எழுத்து யாருடையது என்று பாருங்கள், ஏழு எல்லாவற்றிலும் குறுக்குக்கோடு இருக்கிறது, எழுதியது இந்தப் பெண்தான் என்று அத்தை என்னை முன்னால் நிறுத்தினார்.

ஜீப்பின் பானெட் மீது ஒரு தாளை வைத்து, ஏழு, பதினேழு, இருபத்தேழு எழுதச் சொன்னார் அதிகாரி.

எனக்கு அப்போது இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். மரத்தில் எழுதியது நான்தான் என்று தெரிந்தால் என்னையும் அத்தையையும் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். அத்தைக்கு இந்தச் சின்ன விஷயம் எப்படிப் புரியாமல் போயிற்று என்று ஆச்சரியமாக இருந்தது. அவரைக் காப்பாற்றுவது இனி என் பொறுப்பு என்று முடிவு செய்தேன். மூன்று பள்ளிக்கூடத்து ஏழுகளை எழுதினேன். ஒன்றிலும் கோடு இல்லை. கணக்கு டீச்சர் பார்த்திருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார்.

"பாருங்க, பொண்ணோட ஏழு வேற" என்றார் அதிகாரி. பின்னால் ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை யாரோ இழுத்துப் பார்த்தார்கள்.

அத்தை என் பக்கத்தில் குனிந்தார். முழங்கால் வரை சேறு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பள்ளிக்கோடத்து ஏழு வேண்டாஞ் சாமி. உன்ற ஏழ எழுது."

"உங்களப் புடிச்சுட்டுப் போயிருவாங்க அத்தை."

"போனாப் போறாங்க. நீ எழுது."

எழுதினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டை நிதானமாக இழுத்து, மூன்று ஏழு எழுதினேன். அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு, காலணியைக் கழற்றி, கால்சட்டையை மடித்துக்கொண்டு ஏழாம் நம்பர் மரம் வரைக்கும் நீரில் நடந்து போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு அத்தையைப் பார்த்து, அனுமதியில்லாமல் பெயிண்ட் அடித்தது நீங்கள்தான் என்று எழுத்தில் கொடுத்தால்தான் ஏலக் காகிதத்தைத் திருத்த முடியும் என்றார். கொடுத்தால் உங்கள் மேல் புகார் பதிவாகும், புகார் உள்ளவர் சங்கத்தில் இருந்தால் சங்கத்தின் அனுமதிக் கடிதமும் போய்விடும் என்றார். அவருடைய தவறு எந்தக் காகிதத்திலும் வரவில்லை என்பதைக் கவனிக்கிற வயது எனக்கு இல்லை.

செயலாளர் அத்தையை ஓரமாக அழைத்து, கையெழுத்துப் போடாதீர்கள், மேலே மனு கொடுக்கலாம், நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

"மனு போயி வர எத்தன நாளாவுங்க?"

பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார் அவர்.

"மரம் அறுக்க ரெண்டு நாளுங்க. குஞ்சு பறக்க மூணு வாரம்" என்றார் அத்தை. "மொதல்ல என்ற பேர அடிங்க. பொறவு நாங் கையெழுத்துப் போடறேன்."

 செயலாளர் பையில் இருந்து சங்கத்துப் பெயர்ப் பட்டியல் நோட்டை எடுத்து, பானெட்டில் வைத்து, அத்தையின் பெயர்மேல் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார். பேனாவை மூட மறந்து சட்டைப்பையில் வைத்ததில் பை நீலமாயிற்று. நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். என் ஏழுக்குப் போடுகிற அதே கோடு. அத்தையை வேறு யாரோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று மரியாதைக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அத்தை கையெழுத்துப் போட்டார். வியாபாரிக்குக் கரைக்கு வெளியே இருந்த சீமைக்கருவேலத்தைக் காட்டிவிட்டார்கள். முப்பத்தெட்டு மரம் நின்றது. பெட்டியில் வைத்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் அன்றே செத்துவிட்டன. அத்தையும் நானும் ஏரியில் பிடித்த நத்தையை உடைத்து ஊட்டி, நாலு குஞ்சு பிழைத்தது. நான் சூரமங்கலம் திரும்பி, என் ஏழு முப்பத்தெட்டு மரத்தைக் காப்பாற்றிய கதையைக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொன்னேன். கணக்கு டீச்சரிடமும் சொன்னேன். அவர் அடுத்த பரீட்சையிலும் வட்டம் போட்டார்.

அடுத்த வருடம் அரையாண்டு லீவில் மறுபடி போனேன். ஞாயிறு காலை சேலத்துக்காரர்கள் வந்து கரைமேல் முக்காலி போட்டார்கள். அத்தை அவர்களோடு வரவில்லை. அக்கரையில், பண்ணைக்குச் சொந்தமான சோளக்காட்டு வரப்பில், தனியாக நின்றுகொண்டிருந்தார். சொந்த நிலத்தில் நிற்க யாருடைய கடிதமும் தேவையில்லை என்று எனக்குத் தெரியாது. ஏன் கரைக்கு வருவதில்லை என்று முந்தின நாளே கேட்டிருந்தேன். "அங்கிருந்து பாத்தாத்தாங் கண்ணு, எனக்கு நல்லாத் தெரியுது" என்றார். எனக்குக் கோபம். இவ்வளவு தூரம் வந்தவர்களிடம் போய் ஒரு வார்த்தை பேசக்கூடாதா, பெயருக்குக் கோடு போட்டதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அவரைத் தனியாக விட்டுவிட்டுச் சேலத்துக்காரர்களிடம் போய், அவர்கள் நடுவில் நின்றுகொண்டேன். கல்லூரி அக்காக்களுக்கு ஏழாம் நம்பர் மரத்தைக் காட்டிக் கதை சொன்னேன். அவர்கள் நன்றாகக் கேட்டார்கள். செயலாளர் மட்டும் கேட்காமல் தள்ளிப்போய் நின்றார்.

இப்போது அந்த ஏரிக்கு நான் பொறுப்பு. அவ்வப்போது யாராவது ஒரு காகிதத்தோடு ரம்பம் கொண்டுவரத்தான் செய்கிறார்கள். நாங்களும் ஒரு காகிதத்தோடு போய் நிற்கத்தான் செய்கிறோம். போன மாதம் பழைய சீட்டுகளை அடுக்கச் சொல்லி ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் ஏரிச் சீட்டுகள் எல்லாம் முட்டை பில்லின் பின்பக்கத்தில், அத்தையின் கையெழுத்தில் இருந்தன. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு வந்த ஞாயிற்றில் தொடங்கி, புகார் ஒருவழியாக முடிந்து அவர் பெயர் மறுபடி பட்டியலில் ஏறுகிறவரை ஆறு வருடச் சீட்டுகள். மரம் ஏழு, மரம் எட்டு என்று வரிசை பிசகவில்லை. ஒரு ஞாயிறுகூட விடுபடவில்லை. கீழே, பார்த்தவர் பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. சங்கமும் அந்த எண்களைப் பெயர் கேட்காமல் பெரிய நோட்டில் ஏற்றியிருந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அழுதேன்.

கல்லூரி அக்காக்களுக்குக் கதை சொன்ன அந்த ஞாயிறு, சொல்லி முடித்த பிறகு, அக்கரையைப் பார்த்தேன். அத்தை பைனாகுலரை நாரை மரங்களில் இருந்து மெல்லத் திருப்பி, நாங்கள் நின்ற பக்கமாக வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கூடு எண்ணுகிறார் என்று நினைத்து, கை ஆட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாங்கள் நின்ற கரையில் ஒரு மரம்கூட இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.